இடுப்பில் கட்டிய தூண்டில்

என் வீட்டுக்காரர் ஆற்றில் எதையாவது தொலைத்துவிட்டு வந்தால் நான் அழமாட்டேன், கத்துவேன். முதலில் போனது மூக்குக் கண்ணாடி. அடுத்தது மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைப் பிடுங்கும் இடுக்கி. மூன்றாவதாக, ஆசை ஆசையாய்த் தேடி வாங்கிய தூண்டில் ராடு, ரீலோடு சேர்ந்து உப்பனாற்றுக்குள் போய்விட்டது. அன்றைக்கு மனுஷன் சோறு சாப்பிடவில்லை.

அவருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. லீவு நாளில் கயாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அது கால் நீட்டி உட்காரும் பிளாஸ்டிக் படகு, இரண்டு பேர் உட்காரலாம். ஓரமோ ஒரு சாண் உயரம்கூட இருக்காது. துடுப்பை வைத்துவிட்டுக் கொஞ்சம் திரும்பினால் போதும், மடியில் இருப்பது தண்ணீரில் இருக்கும்.

"மடியில கெடக்கறதையே பாத்துக்கத் தெரியல, இதுல கொடுவா புடிக்கப் போறாராம் கொடுவா!" என்று ஏசிவிட்டு வேலையை நானே கையில் எடுத்தேன்.

மஞ்சக்குப்பத்தில் நான் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். முடிச்சுப் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு திமிர். பாவாடை நாடா ஒரு கட்டு எடுத்து, திரும்ப வாங்கிய கண்ணாடி, இடுக்கி, கத்தி, தூண்டில் டப்பா, தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றையும் கயாக்கில் இருந்த வளையங்களோடு கட்டினேன். எல்லாம் இரட்டை முடிச்சு. புது ராடை மட்டும் அப்படிக் கட்டவிடவில்லை. வீசும்போது நாடா கையில் சிக்குகிறதாம்.

அந்த வாரம் சிதம்பரம் போயிருந்தோம். கோயில் வாசலில் கயிறு விற்கிறவரிடம் கறுப்பு அரைஞாண் கயிறு ஒன்று வாங்கினேன், நல்ல தடிமனாக. அவர் இடுப்பில் கிடந்தது நைந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து புதுசைக் கட்டிவிடும்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது.

"ராட இதுலயே கட்டிட்டா என்ன? நீங்க எங்க போறீங்களோ அங்கதான அதுவும் வரும்?"

"மாட்டக் கட்டற மாதிரி கட்டறியேடீ."

"மாடா இருந்தா ஒழுங்கா வூடு வந்து சேரும்."

இருவரும் சிரித்தோம். ஒரு முழம் நாடா போதும், நீளமாக விட்டால் சிக்கும் என்று நான்தான் அளந்து வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கூடப் போனேன். என் கைவேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே! ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் கடல் பக்கம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. வலை கட்டுவதற்காக மீனவர்கள் நட்டிருந்த கழிகளுக்குப் பக்கத்தில் அவர் தூண்டிலை வீசினார். வீசிய கொஞ்ச நேரத்தில் பெரிய மீன் ஒன்று வெடுக்கென்று இழுத்தது. "மாட்டிச்சிடீ!" என்று அவர் ஒரு பக்கமாகத் திரும்பினார். நானும் பார்க்கிற ஆசையில் அதே பக்கம் சாய்ந்தேன். கயாக் குப்புறக் கவிழ்ந்தது.

மேலே வந்து, கழியில் முட்டி நின்ற கயாக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் இருந்தார், ஆனால் மூக்கும் வாயும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. தண்ணீருக்கடியில் ராடு இரண்டு கழிகளுக்கு நடுவே குறுக்காகப் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. லைஃப் ஜாக்கெட் மேலே தூக்க, இடுப்பில் கட்டிய ஒரு முழ நாடா கீழே இழுக்க, ஓடுகிற தண்ணீர் முகத்தின் மேலேயே ஏறி ஏறிப் போனது.

"கத்தி! கத்திய எடு!"

கத்தி கவிழ்ந்த கயாக்குக்கு அடியில் இருந்தது. கையை விட்டுத் துழாவிப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன். இரட்டை முடிச்சு. கண்ணாடி இருந்தது, இடுக்கி இருந்தது, பாட்டில் இருந்தது. ஒரு சாமான்கூடத் தொலையவில்லை. அவ்வளவு அழகாகக் கட்டி வைத்திருந்தேன், பாவி நான்.

"ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று நான் போட்ட கூச்சலில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஃபைபர் படகைத் திருப்பிக்கொண்டு வந்தார். கழிகளுக்குள் படகு நுழையவில்லை. எட்டி என் கையில் தன் கத்தியைத் திணித்தார்.

"யக்கா, நீதான் கிட்ட இருக்க. அறு! சீக்கிரம் அறு!"

தண்ணீருக்குள் கையை விட்டு என் வீட்டுக்காரர் இடுப்பைத் தடவினேன். நாடா அவர் உடம்புக்கு அடியில் போய்விட்டது, அகப்படவில்லை. விரலில் மாட்டியது அரைஞாண் கயிறுதான். கத்தியை அதில் கொடுத்தேன். கொடுத்த கை நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் ஆம்பிளையின் அரைஞாண் கயிற்றை ஒரே ஒரு சமயத்தில்தான் அறுப்பார்கள். என் மாமனாரைக் கிடத்தியிருந்தபோது அறுத்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். உசுரோடு இருக்கிறவருக்கு, அதுவும் என் கையாலேயா?

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. மூக்கு தண்ணீருக்குள் போய், குமிழி வந்தது. "என்னக்கா பாத்துக்கினு இருக்க!" என்று படகுக்காரர் அலறினார். அறுத்தேன்.

கரையில் அவர் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினார். படகுக்காரர் நல்ல மனுஷர், திரும்பிப் போய் ராடை உருவிக்கொண்டுவந்து கொடுத்தார். அதில் நாடாவும், நாடாவின் நுனியில் அறுந்த கறுப்புக் கயிறும் தொங்கின.

"முடிச்சு சூப்பரா போட்டிருக்கக்கா. இம்மியும் அசையல."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வெறும் இடுப்பைத் தடவிப் பார்த்தார். "அறுத்துட்டியா?"

"ஆமா."

"கத்தி இடுப்புல பட்டுதே. அப்பறம் ஏன் அவ்ளோ நேரம்?"

"கத்தி மொக்க," என்றேன்.

இப்போது அவர் உடம்பில் எதையும் கட்டுவதில்லை. ராடு கயாக்கோடுதான் இருக்கிறது, ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்கிற முடிச்சில். கத்தி லைஃப் ஜாக்கெட் மேலேயே, கை எட்டுகிற இடத்தில். போன வாரம் புது இடுக்கியை ஆற்றில் விட்டுவிட்டு வந்து, நான் கத்துவேன் என்று வாசலிலேயே நின்றார். "போவட்டும், வந்து சாப்புடுங்க," என்றேன். உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். "என் பொண்டாட்டிதான் காப்பாத்துனா, கத்திதான் மொக்கயா இருந்துச்சு," என்பார். அது படகுக்காரர் மீன் அறுக்கிற கத்தி. நான் அழுத்தக்கூட இல்லை, வைத்தவுடன் கயிறு அறுந்துவிட்டது. வந்தவர்களுக்குக் காபி போட நான் உள்ளே போய்விடுவேன்.