சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டு அதே சுவிட்சைக் கழற்றியவன்

இன்று காலை குளியலறை வாட்டர் ஹீட்டரின் சுவிட்ச் கருகிவிட்டது. எலக்ட்ரீஷியன் எதற்கு என்று நானே அதைக் கழற்றிக்கொண்டு எங்கள் ஏரியா கராமாவில் இருக்கும் பாயின் எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். ஷாக்கே அடிக்கவில்லை. கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் விலை குறைவாக இருந்த ஒரு சுவிட்சை எடுத்து நீட்டினேன்.

"அண்ணே, இது பல்புக்குப் போடுறது. ஹீட்டர் இழுக்குற கரண்டுக்கு உருகிப் போயிரும். இருபது ஆம்பியர் வேணும். சரி, மாட்டப் போறது யாரு?"

"நான்தான் பாய். கழட்டுனதே நான்தான்."

"கரண்டை நிறுத்திட்டுத்தான கழட்டுனீங்க?"

"பின்ன? சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான்."

பாய் டீயைக் கீழே வைத்தார். "எந்த சுவிட்சை? இதையா?"

கையிலிருந்த கருகிய சுவிட்சைப் பார்த்தேன். சுவிட்சை அணைத்தாலும் அதற்கு வரும் வயரில் கரண்ட் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வயர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பள்ளி விடுமுறை, மகள் வீட்டில்தான் இருக்கிறாள். மனைவிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க ஸ்க்ரூ டிரைவரைத் தேடும்போதே மெயின் பெட்டியில ஹீட்டர் பிரேக்கரை இறக்கிட்டேன். சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க, அதான் சொல்லல. பாய், நீங்களே ஆள் அனுப்பி மாட்டிக் குடுங்க. இவர்கிட்ட சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி மட்டும் குடுத்து விடுங்க."

ஒன்றரை வோல்ட் பேட்டரி. அதையும் தலைகீழாகப் போட்டுவிட்டேன். அவள்தான் திருப்பிப் போட்டாள்.

உங்களுக்கெல்லாம் வீட்டில் எத்தனை வோல்ட் வரைக்கும் அனுமதி?