சூடாகாத போர்டு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாலிடர் வைக்கும் வேலையைக்கூட நின்றுகொண்டேதான் செய்வேன். நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற ரோட்டில் என் கடை. வெளியே வெல்டிங்கும் சுத்தியல் சத்தமும், உள்ளே நானும் என் அவசரமும். இருபத்துநான்கு வோல்ட் வண்டிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகளைச் செய்து கொடுக்கிறேன். கோபக்காரி என்று பெயர் எடுத்தாகிவிட்டது. "அந்தம்மாகிட்ட ரெண்டாந்தரம் கேக்காதீங்க, கடிச்சு வெச்சுரும்" என்று பட்டறைக்காரர்கள் புது டிரைவர்களிடம் சொல்லி அனுப்புவது என் காதிலும் விழும். பொய்யில்லை.

அண்ணன் எனக்கு நேரெதிர். எத்தனை சத்தம் போட்டாலும் "சரி உடு அம்மிணி" என்று போய்விடுவார். இருபது வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, போன வருஷம்தான் சொந்தமாக ஒரு பழைய வண்டியை வாங்கினார். கோழிக்குஞ்சு வண்டி. ஹேச்சரியில் அன்று காலை பொரித்த குஞ்சுகளை பிளாஸ்டிக் ட்ரேக்களில் அடுக்கிக் கோழிப்பண்ணைகளுக்குக் கொண்டுபோகும் வண்டி. நாலு பக்கமும் மூடிய பாடி. உள்ளே நான்கு ஃபேன். குஞ்சு பார்க்கத்தான் பஞ்சு, ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் அதுவே அடுப்பு. ஃபேன் நின்றால் கொஞ்ச நேரத்தில் நடு ட்ரேக்களில் இருப்பவை தலையைத் தொங்கப் போட்டுவிடும். ஊரில் பெரிய ஹேச்சரி ஒன்று அண்ணன் வண்டியைத் தினமும் லோடு கொடுக்கும் தன் லைனில் சேர்த்திருந்தது. ஒரு லோடு கெட்டால் லைனிலிருந்து தூக்கிவிடுவார்கள். அண்ணனுக்கு அந்த லைன்தான் எல்லாமே.

ஃபேன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு போர்டு வேண்டும் என்றார். வேறு யார் செய்வது, நான்தான்.

அந்த போர்டு ஃபேனுக்குப் போகும் கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் தரம் வெட்டி வெட்டிக் கொடுக்கும். வெட்டும் ஒவ்வொரு தரமும் மோட்டாரில் ஓடிக்கொண்டிருந்த கரண்டு போக்கிடம் இல்லாமல் எகிறும். அதற்கு ஒரு வழிவிடத்தான் டையோடு. கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடும், திரும்பி வரவிடாது. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வ் மாதிரி. சாதாரண டையோடு டோல்கேட்டைப் போலத் தன் பங்காக முக்கால் வோல்ட்டுக்கு மேல் பிடித்துக்கொள்ளும், பிடித்ததையெல்லாம் சூடாகக் கக்கும். முன்பு ஒரு வண்டிக்கு அப்படிச் செய்து கொடுத்த போர்டில் விரல் வைக்க முடியவில்லை. ஷாட்கி என்று இன்னொரு வகை டையோடு உண்டு, அதில் பாதிதான் பிடிக்கும். வேகமும் அதிகம். ஆனால் ஒன்று, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வோல்ட்டை அதிகம் தாங்காது.

என்னிடம் இரண்டு வகை ஷாட்கி இருந்தது. நாற்பது வோல்ட் வரை தாங்குவது ஒன்று, நூறு வோல்ட் தாங்குவது இன்னொன்று. நூறு வோல்ட்டுக்காரன் கொஞ்சம் சூடாவான். நாற்பது வோல்ட்டுக்காரன் மேல் விரலை வைத்தால் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. வண்டி ஓடும்போது இருபத்தெட்டு வோல்ட் வரும். இருபத்தெட்டுக்கு நாற்பது தாராளம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்ன, சூடே இல்லாத ஒரு போர்டைச் செய்துகாட்ட வேண்டும் என்ற கொழுப்பு. நூறு வோல்ட் டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மாட்டிய அன்று ஃபேனை ஒரு மணி நேரம் ஓடவிட்டு அண்ணன் விரலைப் பிடித்து டையோடின் மேல் வைத்தேன். "அட, சில்லுனு கெடக்குது அம்மிணி!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டரிக்கு டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று சந்தேகம் வந்தால் மீட்டரெல்லாம் தேடமாட்டார்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். லைட் அணையாவிட்டால் டைனமோ நன்றாக இருக்கிறது. டிரைவர், மெக்கானிக், ஓனர் எல்லாரும் செய்வது. போர்டு மாட்டுவதற்கு முன்னால் நானே அண்ணனைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். வயரைக் கழற்றும் நொடியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். டைனமோ தள்ளும் கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரி இருக்காது. வோல்ட் ஐம்பது அறுபது என்று குதிக்கும். ஹெட்லைட் பல்ப் அந்த ஒரு நொடியைப் பொறுத்துக்கொள்ளும். நாற்பது வோல்ட் ஷாட்கி பொறுக்காது. இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்த இரண்டையும் சேர்த்து ஒரு தரம் யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை.

சித்திரை வெயில், மதியம் இரண்டரை மணி இருக்கும். அண்ணன் போன் செய்தார்.

"அம்மிணி, ஃபேன் நின்னு போச்சு. ஃபியூஸ் போயிருந்துச்சு, வேற போட்டேன், அதுவும் போயிருச்சு. பரமத்தி தாண்டி ஜேடர்பாளையம் ரோட்டுல நிக்கறேன்."

"பின்கதவைத் திறந்து நிழல்ல நிறுத்துங்ணா."

"அதெல்லாம் பண்ணீட்டேன். உன்ற போர்டு போயிருச்சாட்டம் இருக்குது."

அந்த வார்த்தைதான். சுருக்கென்று வந்துவிட்டது எனக்கு. "என் போர்டு போகாதுங்ணா. ஃபேன் வயரு எங்கயாவது பாடியில உரசி ஷார்ட் ஆயிருக்கும், ஒவ்வொண்ணாப் பாருங்க" என்றேன். அவரும் நம்பி நான்கு ஃபேன் வயரையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். மறுபடியும் பாருங்கள் என்றேன். இருபது நிமிஷம் போனது. கடைக்குள் நான் நடந்த நடையில் பரமத்திக்கே போயிருக்கலாம். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது அவர் குரல் மாறியிருந்தது. "கத்தறது நின்னு போச்சு அம்மிணி" என்றார். குஞ்சுகளைச் சொல்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது. ஸ்கூட்டரை எடுத்தேன்.

போய்ச் சேர அரைமணி நேரம். ஒரு டீக்கடையை ஒட்டிப் புளியமரத்தடியில் வண்டி நின்றிருந்தது. அண்ணன் சட்டையெல்லாம் நனைந்து, ட்ரேக்களை இறக்கி ரோட்டோரம் பரப்பிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரரும் இரண்டு லாரி டிரைவர்களும் கூட இறக்கினார்கள். நான் போர்டின் வயரைப் பிடுங்கி, ஃபேன் வயரை நேராக பேட்டரியில் முறுக்கினேன். நான்கு ஃபேனும் முழு வேகத்தில் ஓடின. இரண்டு நிமிஷ வேலை. போனிலேயே சொல்லியிருக்கலாம், அண்ணனே செய்திருப்பார். 

மேல் ட்ரேக்களிலும் ஓரத்திலும் இருந்தவை பிழைத்தன. நடு அடுக்கு முழுக்கப் போய்விட்டது. மஞ்சள் மஞ்சளாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அண்ணன் ஒவ்வொரு ட்ரேயிலும் கையைவிட்டு அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போர்டை எடுத்து மீட்டரை வைத்தேன். டையோடு நன்றாக இருந்தால் மீட்டர் ஒரு பக்கம் வைக்கும்போதுதான் கூவ வேண்டும், திருப்பி வைத்தால் கூவக்கூடாது. இரண்டு பக்கமும் கூவியது. செத்துவிட்டது என்று அர்த்தம். எப்படிச் செத்தது என்பதும் அந்த நொடியே விளங்கிவிட்டது.

"பேட்டரி வயரைக் கழட்டினீங்களா?"

"ஆமா, டீக்கடைல நிறுத்துனப்ப சார்ஜ் லைட்டு மினுக்கு மினுக்குன்னுச்சு. கழட்டிப் பாத்தேன். டைனமோ நல்லாத்தான இருக்குது."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அண்ணனை வாங்ணா போங்ணா என்றுதான் பேசுவேன். அன்று நடுரோட்டில், நாலு பேர் பார்க்க, அந்த மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "எவன் கழட்டச் சொன்னான்? உனக்கு அறிவிருக்கா? நீ கழட்டினதாலதான் எல்லாம் செத்துது!" என்று கத்தினேன். அண்ணன் செத்த குஞ்சு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். டையோடை மட்டும் கட்டரால் வெட்டி எடுத்து என் பர்சுக்குள் போட்டேன். அது நாற்பது வோல்ட் என்பதை நான் சொல்லவில்லை.

ஹேச்சரி சூப்பர்வைசரிடம் அண்ணன் என்ன சொன்னார் என்று அண்ணிதான் பிறகு சொன்னார். "என்ற தப்புங்க. ஓடற வண்டில வயரைக் கழட்டீட்டேன். போர்டு நல்ல போர்டுங்க, என்ற தங்கச்சி செஞ்சது." வண்டியை லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். அண்ணன் மறுபடியும் அடுத்தவர் லாரியில் முட்டை லோடு ஓட்டப் போனார். சொந்த வண்டி வீட்டு முன்னால் வேப்பஞ்சருகை வாங்கிக்கொண்டு நின்றது.

அந்த ஆறு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், இறங்கியது. ஆனால் ஒரு வேலையையும் முழுசாக முடிக்க முடியவில்லை. பாதி சாலிடரில் இரும்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன், எதற்குப் போனேன் என்று தெரியாது. பர்சில் சில்லறைக்குக் கைவிட்டால் அந்த டையோடு விரலில் குத்தும். எடுத்து வெளியே போடவும் மனம் வரவில்லை. போதாததற்கு, கடைக்கு வரும் டிரைவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். "ஓடறப்ப வயரைக் கழட்டவே கூடாதாமுங்க. உங்கண்ணன் பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்றாருங்க, தங்கச்சி சொன்னுச்சுன்னு." நான் தலையாட்டுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பு இல்லை, எரிச்சல். அண்ணன்மேலேயே எரிச்சல். இந்த மனுஷன் ஏன் ஒரு தரமாவது என்னைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்கிறார்?

ஐப்பசியில் ராசிபுரம் பக்கத்து ஹேச்சரி ஒன்றிலிருந்து அண்ணனுக்கு ஆள் வந்தது. வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அண்ணன் கடைக்கு வந்து வாசலிலேயே நின்றார். "ஒரு போர்டு வேணும் அம்மிணி" என்றார், கேட்கக் கூச்சப்படுகிற மாதிரி.

போர்டு தயாராகவே இருந்தது. ஆறு மாதத்தில் மூன்று தரம் செய்து பிரித்து மறுபடி செய்தது. நூறு வோல்ட் ஷாட்கி, அதற்கு முன்னால் குதிக்கும் வோல்ட்டை வாங்கி அமுக்க ஒரு தடுப்பு. போய் மாட்டினேன். ஒரு மணி நேரம் ஃபேன் ஓடியது. அண்ணன் நான் சொல்லாமலே வந்து டையோடின் மேல் விரலை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

"இது சுடுதே அம்மிணி. பழசு சில்லுனு இருந்துச்சே. அதையே போடேன்."

இனி மறைக்க முடியாது என்று ஆகிவிட்டது.

"பழசு சரியில்லீங்ணா," என்றேன். "சுடக்கூடாதுன்னு கம்மியாத் தாங்கறதைப் போட்டேன். வயரைக் கழட்டுவீங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாருந்தான கழட்டறாங்க. நானே கழட்டச் சொல்லிப் பாத்தவதான. இதை அன்னிக்கே போட்டிருந்தா நீங்க கழட்டினாலும் ஃபேன் நின்னிருக்காது. பக்கத்து டப்பாவுலதான் இருந்துச்சு."

 அண்ணன் ஃபேனைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார்.

"இது தாங்குமா?"

"தாங்குமுங்ணா."

முன்பக்கம் போனார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்லைட்டைப் போட்டார், ஸ்பேனரை எடுத்தார். "அண்ணா, வேண்டாங்ணா" என்று ஓடினேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேட்டரி வயரைக் கழற்றினார். லைட் ஒரு தரம் பளிச்சென்று கூடிப் பழையபடி எரிந்தது. நான்கு ஃபேனும் ஓடிக்கொண்டே இருந்தன. வயரைக் கையில் பிடித்தபடி அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. பிறகு வயரை மாட்டி நட்டை முறுக்கினார்.

"ஆறு மாசமா என்ற தப்புன்னு ஊரு பூராச் சொல்லீட்டுத் திரிஞ்சனே அம்மிணி," என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்தியிருப்பேன்.

"நாளைக்கு அந்தப் பழைய ஹேச்சரிக்கு நானே போயிச் சொல்லீட்டு வாரனுங்ணா" என்றேன்.

"சொல்லு" என்றார்.

வேண்டாம், உடு அம்மிணி என்பார் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். அவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்துவிட்டு, "காலையில எட்டு மணிக்கு சூப்பர்வைசர் இருப்பாரு. வெள்ளனே போயிரு" என்றார்.