கருவியின் பக்கத்தை மாற்றச் சொல்லி ஒன்பது நாள் ஜெபம்

நான் கேட்டபடியே ஆண்டவர் கொடுத்திருந்தால் என் கை திரும்பியிருக்குமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

என் மகள் பிறந்த பதினெட்டாம் நாள் எனக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு என்றார்கள். இடது கை துணிபோல் தொங்கியது. குழந்தை அழும், நான் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். என் மாமியார்தான் அவளைக் குளிப்பாட்டினார், தூங்க வைத்தார். பாலுக்கு மட்டும் என்னிடம் கொண்டுவந்து, முடிந்ததும் எடுத்துக்கொள்வார்.

தவக்காலம் தொடங்கிய வாரம், திருவான்மியூரிலிருந்து அடையாற்றுக்குச் சிகிச்சைக்குப் போகத் தொடங்கினேன். தலைமேல் காந்தக் கருவி வைப்பார்கள். அறுவை இல்லை, ஊசி இல்லை. தோடு, சங்கிலி, ஜெபமாலை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அதனால் நல்ல கையின் விரல்களிலேயே ஜெபத்தை எண்ணினேன்.

அடிபட்டது வலப்பக்கம். அவர்கள் கருவியை வைத்தது இடப்பக்கம். ஒவ்வொரு சொடுக்குக்கும் என் நல்ல கையின் கட்டைவிரல்தான் துள்ளியது, எண்ணிக்கை தவறியது. தலையைத் திருப்பக் கூடாது, எழவும் முடியாது. பக்கம் மாறிவிட்டதோ? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ? படித்தவள்தான், ஆனாலும் கேட்கவில்லை. "ஆண்டவரே, கருவியை வலப்பக்கம் மாற்ற வையும்" என்று ஒன்பது நாள், நவநாள்போல் ஜெபித்தேன். ஒன்றும் மாறவில்லை. அவரும் என்னைக் கைவிட்டார் என்றே நினைத்தேன்.

பத்தாம் நாள் ஜெபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதபடியே கேட்டுவிட்டேன். சிகிச்சை தரும் பெண் கருவியை நிறுத்தினாள்.

"இத்தனை நாளா இதையா மனசுல வெச்சிருந்தீங்க? சரியான பக்கம்தான்க்கா. மூளையில நல்லா இருக்கிற பக்கம் எல்லாத்தையும் தானே இழுத்துப் போட்டுக்கும். அடிபட்ட பக்கத்தை எழவே விடாது. அந்த நல்ல பக்கத்தைத்தான் கொஞ்சம் அடக்கி வெக்கிறோம். அப்புறம் அந்தக் கையை நீங்கதான் வேலை வாங்கணும்."

வேலை வாங்கினேன். உயிர்ப்பு ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை, என் இடது கை விரல்கள் மகளின் சட்டையைப் பிடித்தன. எல்லோருக்கும் இப்படி வராது என்றார் மருத்துவர். எனக்கு வந்தது. நான் கேட்டதைக் கொடுக்காமல் இருந்த ஆண்டவருக்கு நன்றி. கேட்டது கிடைக்காமல் தவிப்பவர்களே, அவரை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் மனிதரிடமும் வாய் திறந்து கேளுங்கள்.

ஆனால் வீட்டில் இன்னும் நான் குழந்தையிடம் குனிந்தாலே அத்தை ஓடிவருகிறார். "நீ குந்தும்மா, நான் கீறேன்ல. கீழ போட்டுட்டா இன்னா பண்ணுவ?"

அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. என் மகளை இத்தனை மாதம் சுமந்தவர் அவர். அவர் மனம் நோகாமல், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.