பாசிக்குள் போன விரால்

1. ரெண்டு பேரும் போங்க

ஏற்காடு ஏரியில் இருபது வருடம் துடுப்புப் போட்டேன். வாய் திறக்காதவன் என்று பெயர் வாங்கினேன். எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேச வராது. எழுதும்போது அந்தக் கஷ்டம் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, பிஜித் தீவுக்காரர் ஒருவர் படகுத் துறைக்கு வந்தார். அவருடைய தாத்தா சேலம் பக்கத்திலிருந்து அங்கே கரும்பு வெட்டப் போனவராம். பேரன் சொந்தமாகச் சார்ட்டர் போட் வைத்திருந்தார். பெரிய மீன் பிடித்துப் பார்க்க ஆசைப்படும் வெளிநாட்டுக்காரர்களை வாடகைக்கு ஏற்றிக்கொண்டு பசிபிக் கடலுக்குள் போகும் படகு அது. நாங்கள் அவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டோம். நீளப் பையில் தூண்டில் ராடு, நூல் சுற்றும் ரீல் எல்லாம் இருந்தன. மீன் பிடிக்கும் அனுமதிச் சீட்டும் வாங்கி வந்திருந்தார். ஐந்து நாளைக்குப் படகும் ஆளும் வேண்டும் என்றார்.

எங்கள் காண்ட்ராக்டர் என்னையும் முருகேசனையும் கூப்பிட்டார். "பேசத் தெரிஞ்சவன் ஒருத்தன், ஓட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன். ரெண்டு பேரும் போங்க சாமி."

முருகேசன் செம்மநத்தத்துக்காரன். என் வயதுதான். படகு துறையை விட்டு நகர்வதற்குள் ஆரம்பித்துவிட்டான். "ஏனுங்க கேப்டன், உங்கூர்ல மீனு நொம்பப் பெருசுங்களா?"

"இந்த போட்டை விட நீளம் தம்பி. மார்லின்னு பேரு. மூக்குல ஈட்டி இருக்கும். மாட்டினா மூணு மணி நேரம் இழுக்கும்."

"மூணு மணி நேரமா! எங்கூட்டுக்காரிகூட அத்தன நேரம் சண்ட போட மாட்டாளுங்க."

கேப்டன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் துடுப்புப் போட்டேன்.

கரைக்குத் திரும்பும்போது கேப்டன் சொன்னார்: "என் போட்டுல ஒரு ஆள் குறையுது. இங்கேர்ந்து ஒருத்தனைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். பாஸ்போர்ட், டிக்கெட் என் பொறுப்பு." சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதுவரை நான் சேலத்தைத் தாண்டியதில்லை. கடலைப் பார்த்ததே இல்லை. என் ஊர் வெள்ளக்கடைக்குப் போகிற கடைசி வளைவு வரை பஸ்ஸில் அதே நினைப்புத்தான். அந்த இடம் எனக்கு வேண்டும். முருகேசனுக்குக் கிடைக்கக் கூடாது. இரண்டாவது நினைப்புத்தான் பெரிதாக இருந்தது.

2. வெள்ளைத் தொப்பி

முதல் நாள் நாங்கள் மாறி மாறி ஓட்டினோம். இரண்டாம் நாள் கேப்டன் என்னிடம், "இனிமே துடுப்பு நீயே போடு" என்றார். முருகேசனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அன்றே என் வயிறு எரியத் தொடங்கியது.

கேப்டன் செய்தது டிரோலிங். லைன் என்கிற தூண்டில் நூலின் நுனியில் ஸ்பூன் என்கிற, கொக்கி வைத்த பளபளப்பான தகட்டைக் கட்டிப் பின்னால் விட்டுவிட்டு, படகை நிற்காமல் ஓட்ட வேண்டும். ஸ்பூனைச் சின்ன மீன் என்று நினைத்து விரால் வந்து கவ்வும். துடுப்புப் போடுகிறவன் படகின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார வேண்டும். அவர்கள் இருவரும் பின்பக்கத்தில் இருந்தார்கள். அதனால் நான்காம் நாள் வரை அவர்கள் சிரித்த சிரிப்பெல்லாம் என் முகத்துக்கு நேராகத்தான்.

ராடு பிடிக்க முருகேசனுக்குச் சொல்லிக்கொடுத்தார். வெயில் ஏறியதும் தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தார். என்னிடம் "மெல்ல", "கொஞ்சம் இடது" என்பதோடு சரி.

எங்கே பள்ளம், எங்கே பாசி, விரால் எந்த ஓரத்தில் வெயில் காயும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வராது. பேசாமல் படகை அந்த இடத்துக்குக் கொண்டுபோவேன். மீன் மாட்டும். "லக்கி ஹேண்ட் தம்பி உனக்கு" என்று முருகேசன் முதுகில் தட்டுவார்.

நான்காம் நாள் கரையில் முருகேசன் என்னைச் சீண்டினான். "என்ன மாப்ள, இஞ்சி தின்ன கொரங்காட்டம் மூஞ்சிய வெச்சிருக்கற? பசிபிக்குல போயி உனக்கொரு லெட்டர் போடறேன். அதுலயாச்சும் கடலப் பாத்துக்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

3. இரண்டு துடுப்பு

ஐந்தாம் நாள் கேப்டன் ராடை முருகேசனிடமே கொடுத்துவிட்டு முன்பக்கம் போய், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். கழுத்தில் கேமரா தொங்கியது. முருகேசனைப் படம் எடுக்கப் போகிறார், ஆளை முடிவு செய்துவிட்டார் என்று நினைத்தேன்.

பாசி மண்டிய ஓரத்தைத் தாண்டும்போது ராடு வளைந்தது. "மாட்டிக்கிச்சுங்க!" என்று கத்தினான். என் தொடைத் தடிமனில் ஒரு விரால் ஒரு தடவை துள்ளி விழுந்தது. அந்த ஏரியில் அவ்வளவு பெரியதை நான் பார்த்ததில்லை.

மாட்டிய விரால் பாசிக்குள்தான் ஓடும். பாசியை விட்டு விலக்கி நாலு தடவை பலமாகத் துடுப்புப் போட்டால் வெளித் தண்ணீருக்கு வந்துவிடும். எனக்குத் தெரியாததல்ல.

"போடு மாப்ள, போடு!" முருகேசன் திரும்பாமல் கத்தினான். அவன் முதுகும் அந்தத் தொப்பியும் எனக்கு எதிரே இருந்தன.

இரண்டு துடுப்பையும் தண்ணீரை விட்டுத் தூக்கிப் பிடித்தேன். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேறொன்றும் செய்யவில்லை. விரால் பாசிக்குள் போனது. லைன் அறுந்து, முருகேசன் மல்லாந்து என் மடியில் விழுந்தான்.

"அய்யய்யோ, போச்சே! அவசரப்பட்டு இழுத்துட்டனே!"

முதுகுக்குப் பின்னால் கேப்டன் கேமராவை மூடும் சத்தம் கேட்டது.

4. கேப்டன் சொன்னது

கரை சேர்ந்ததும் முருகேசன் டீ வாங்கப் போனான். கேப்டன் ராடைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ராடு பிடிக்கிறவன் காசு குடுத்து வர்ற கஸ்டமர் தம்பி. மீனைப் பிடிக்கிறது போட்டை ஓட்டுறவன். மீன் எங்கே ஓடும்னு அது ஓடுறதுக்கு முன்னாலயே அவனுக்குத் தெரியணும். அப்படி ஒருத்தனைத்தான் தேடினேன். ரெண்டாம் நாளே உன்னைப் பாத்து வச்சிட்டேன். முருகேசன் நல்ல பையன், பேச்சுத் துணைக்கு." பையின் ஜிப்பை இழுத்தார். "இன்னைக்கு நீ துடுப்பைத் தூக்கினதையும் பாத்தேன்."

தப்புத்தானுங்க என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டார். மறுநாள் தனியாகத்தான் மலையிறங்கிப் போனார்.

அவர் போன பிறகு முருகேசன் என்னைத் தேடி வந்தான். "என்னாலதான் மாப்ள உனக்கும் போச்சு. அந்த மீன உடாம இருந்திருந்தா நம்ம ரெண்டு பேத்துல ஒருத்தரக் கூட்டிட்டுப் போயிருப்பாரு. மனசுல வெச்சுக்காத."

"பரவால்ல, உடு" என்றேன்.

அதற்குப் பிறகு பல வருடம், படகேற வருகிறவர்களிடம் அவன் அந்தக் கதையைச் சொல்வான். ராடை எப்படித் தப்பாக இழுத்தான் என்று கையால் செய்து காட்டுவான். அவர்கள் சிரிப்பார்கள். நான் பக்கத்துப் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பேன்.

படகு ஓட்ட வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். மீன் மாட்டிய பிறகு ராடு யார் கையில் என்று பார்க்காதீர்கள். துடுப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது.

முருகேசன் இப்போது கொட்டச்சேட்டில் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். இது அச்சானதும் முதலில் அவனிடம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்று அவன் ராடைச் சரியாகத்தான் பிடித்திருந்தான்.