தப்பாகச் சாய்ந்த கோடு

எங்கள் குடியிருப்பின் பொதுமண்டபச் சுவரில் வரைந்த படத்தில் அப்பா நின்றார். கையில் உளி, பக்கத்தில் ரப்பர் மரம். தலைக்கு மேலே ‘இந்நாட்டு மக்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அப்பாவோ சிவப்பு அடையாள அட்டைக்காரர், குடியுரிமை இல்லாதவர். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோப்பெங் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போ பட்டணத்து ஓரத்துக்கு வந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் தையல் ஃபேக்டரியில் சேர்ந்தேன். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே பிறந்ததால் எனக்குக் குடியுரிமை உள்ளவர்களின் நீல அட்டை. அப்பா சின்ன வயதில் கப்பலில் வந்தவர். தோட்டத்தில் இருந்தவரை அட்டையின் நிறத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பட்டணத்தில் வேலைக்குப் போன இடமெல்லாம் பெர்மிட் கேட்டார்கள்.

குடியுரிமைக்கு எழுதிப் போட முடிவு செய்தார். பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் உட்கார்ந்து குடியுரிமைத் தேர்வின் மலாய்க் கேள்வி பதில்களை மனப்பாடம் செய்தார். நன்னடத்தைக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டியிருந்தது. சீனக் கடைக்காரர் உடனே போட்டுவிட்டார். மற்றதைக் குடியிருப்புக் குழுத் தலைவர் போட வேண்டும். அவர் ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தெருமுனையில் சொந்த வீடு. எங்களோடு நன்றாகத்தான் பேசுவார், ஆனால் உட்காரச் சொல்ல மாட்டார்.

“சுவர் முடியட்டும். திறப்பு விழா அண்டைக்கே கையெழுத்து வைச்சுத் தாறன்” என்றார்.

பொதுமண்டபச் சுவரில் படம் வரைவது அவருடைய யோசனை. எருமையோடு மலாய் விவசாயி, ஈயம் அலசும் சீனப் பெண், ரப்பர் பால் வெட்டும் தமிழர். வாத்தியார் கரியால் வரைந்து கொடுப்பார், குடியிருப்பில் உள்ள எல்லாரும் சேர்ந்து சாயம் அடிப்போம். உண்மையைச் சொன்னால் அந்த மூன்று வாரம்தான் நாங்கள் மூன்று இனமும் ஒருவர் வீட்டுப் பலகாரத்தை ஒருவர் தின்றோம். மாதிரிக்கு நிற்க அப்பாவைக் கூப்பிட்டார். பால் கறை படிந்த பழைய சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனார். “என்னா அண்ணே, செவுத்துல குடியேறிட்டீங்க, வாடகை கேப்பாங்க லா” என்று எதிர்வீட்டு அக்கா சிரித்தார். அப்பாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

படம் முடிந்த பிறகுதான் அப்பா மரத்தைப் பார்த்தார். பட்டையில் வெட்டும் கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்க வேண்டும். அதுதான் முறை. வாத்தியார் அதை எதிர்ப்பக்கம் சாய்த்திருந்தார்.

“சார், இப்படி வெட்டுனா பால் கொறஞ்சிரும் சார். தோட்டத்துல வேலைய மேய்க்கிற தண்டல் பார்த்தா, காலையில ஆள் எண்ணுற பெரட்டுல நிக்க வச்சு ஏசுவாரு.”

“இது தோட்டமில்லை, படம். எருமை அங்கால சாயுது, கோடு இங்கால சாய்ஞ்சால்தான் அழகு. உமக்கேன் இந்த வேலை?”

அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் வீட்டில் இரண்டு நாளும் அதே பேச்சுதான். “என் மூஞ்சிய போட்டு, வேலை தெரியாதவன் மாதிரி வரைஞ்சிருக்காரு” என்றார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள், எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், தப்பான கோட்டை அழித்துச் சரியான கோட்டைப் போட்டுவிட்டார். மரத்துச் சாயம் தீர்ந்திருந்தது. எருமைக்குக் கலக்கி வைத்த சாயத்தை எடுத்துப் பூசியிருக்கிறார். மரத்தின் நடுவே கன்றிப்போன காயம் மாதிரி ஒரு திட்டு.

“ஆர் இதில கை வைச்சது?” சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடியதும் வாத்தியார் கேட்டார். அப்பா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெரிந்தால் கையெழுத்து கிடைக்காது, இப்போதே சொன்னால் மனசு இளகுவார் என்று நான் கணக்குப் போட்டேன்.

“அப்பாதான் சார். கோடு தப்பா இருந்துச்சு, அதான்.”

வாத்தியார் போட்ட கோடே தப்பு என்றதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வாத்தியாரைச் சுட்டிருக்க வேண்டும். அவர் அப்பாவைத் திட்டவில்லை; திறப்பு விழாவில் சொன்னபடி கையெழுத்தும் போடவில்லை. அடுத்த வாரம் பாரத்தோடு போனபோது, “பொதுச் சொத்தில கை வைச்ச ஆளுக்கு நான் என்னெண்டு நன்னடத்தை எழுதுறது?” என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டில் அப்பா, ஏன் சொன்னாய் என்று என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதன் பிறகு யாரிடமும் போய் நிற்க மாட்டேன் என்று பாரத்தை அலமாரியில் வைத்துவிட்டார். பெர்மிட் புதுப்பிக்க வரிசையில் நின்றே அவர் காலம் போனது. எண்பதுகளில் ஒரு மழைக்காலத்தில் சிவப்பு அட்டையோடுதான் இறந்தார்.

காரியம் முடிந்த சில மாதத்தில் சுவருக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். வாத்தியார் தளர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க, பள்ளிப் பிள்ளைகள் வரைந்தார்கள். எருமைத் திட்டு மறைந்தது. கோடு மறுபடி எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஃபேக்டரியிலிருந்து வரும் வழியில் நின்று பார்த்தேன்.

“அக்கா, நல்லா இருக்கா?” என்று ஒரு பெண் தூரிகையோடு கேட்டாள்.

என் கைப்பையில் நீல அட்டை இருந்தது. கோடு தப்பு என்று நான் சொன்னால் யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

“நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.