ஒன்பதாவது கேள்வி

தெரியாததைத் தெரியும் என்று நான் சொல்வதில்லை. தெரிந்ததைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன், அவ்வளவுதான். கோலார் தங்க வயலில், பெரிய இரும்பு உருப்படிகள் செய்கிற ஒரு தனியார் கம்பெனியில் பயிற்சிப் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால் நான், ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. ஏசி வேலை செய்யாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதுகாப்புப் பாடங்களைக் கம்ப்யூட்டரில் நானே செய்தேன். அதில் கிரேன் பாடம்தான் என் செல்லப்பிள்ளை. திரையில் ஒரு குட்டி கிரேன் இருக்கும். தப்பான பட்டனை அழுத்தினால் சுமை தொப்பென்று விழும். கடைசியில் இருபது கேள்விகள். இருபதும் சரியாக வந்தால்தான் தொழிலாளிக்குக் கேட் பாஸ் புதுப்பிப்பார்கள். கேட் பாஸ் இல்லையென்றால் ஷிஃப்ட் கிடையாது. வருஷா வருஷம் எல்லாரும் பாஸ். இதை நான் பீற்றிக்கொள்ளாத மீட்டிங் இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அந்தப் பாடங்கள் எல்லாம் ஃப்ளாஷ் என்ற பழைய சாஃப்ட்வேரில் செய்தவை. பிரவுசர்கள் ஃப்ளாஷைக் கைவிட்டதும், இன்டர்நெட் இணைப்பே கொடுக்காத ஒரு பழைய கம்ப்யூட்டரில் அவற்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதுவும் படுத்துவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு, "பழைய பாடத்தைப் புது வடிவத்துக்கு மாத்தற சாஃப்ட்வேர் எதுன்னு பாத்து, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார். எனக்கு வெள்ளிக்கிழமை வரை தேவையில்லை என்று சொன்னேன்.

பெங்களூரிலிருந்து மூன்று கம்பெனிகள் சோதித்துப் பார்க்க ஒவ்வொரு சாஃப்ட்வேர் கொடுத்தன. முதலாவது, பாடத்தை அப்படியே வீடியோவாக்கியது. பட்டனை அழுத்தவே முடியாது, சும்மா பார்த்துக்கொண்டு உட்காரலாம். அதற்குச் சினிமாவுக்கே போகலாம் என்று தள்ளிவிட்டேன். இரண்டாவது, படங்களை எடுத்துக்கொண்டது, ஆனால் கேள்விகளை ஒவ்வொன்றாக நாமே மறுபடி டைப் செய்யவேண்டும். பன்னிரண்டு பாடம், பாடத்துக்கு இருபது கேள்வி. யாருக்கு நேரம்? மூன்றாவதுதான் ராஜா. உள்ளே போட்டேன், ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், பாடம் தயார். குட்டி கிரேன், பட்டன், தொப்பென்று விழுகிற சுமை, எதுவும் குறையவில்லை. சுத்தமான ஈயடிச்சான் காப்பி. ஒரே ஒரு குறை, வெளியே வந்த பாடத்தில் நாம் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மாற்ற என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மேனேஜரிடம் மூன்றாவதுதான் என்று புதன்கிழமையே சொல்லிவிட்டேன்.

பேருக்கு ஒருவரை உட்காரவைத்துப் பார்த்துவிடலாம் என்று, கிரேன் கொக்கியில் சுமையைக் கட்டுகிற ரிக்கர் ஒருவரைக் கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், நான் சேர்வதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, பத்தே நிமிஷத்தில் இருபதும் முடித்தார்.

"இன்னாண்ணா, எப்படி இருக்கு?"

"ஒண்ணும் மாறல மேடம். ஒன்பதாவது கூட அப்பிடியேதான் கீது."

"ஒன்பதாவதுல என்ன?"

திரையில் காட்டினார். கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிற சிக்னல்மேன் சுமையைத் தூக்கச் சொல்கிறார். பக்கத்தில் நிற்கிற வேறொருவர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறார். கிரேன் ஓட்டுபவர் என்ன செய்யவேண்டும்? அ, உடனே நிறுத்தவேண்டும். ஆ, சிக்னல்மேன் சொல்வதை மட்டும் கேட்கவேண்டும். 'ஆ' சரி என்று பச்சை டிக் போட்டிருந்தது.

"யார் கை காட்டினாலும் நிறுத்தணும் மேடம். கீழ நிக்கறவன் கால் மாட்டிக்கினு இருக்கும், சிக்னல்மேனுக்குத் தெரியாது. எங்கப்பா மைன்ல இருந்தப்ப, மணி அடிச்சு நிறுத்தச் சொன்னா, ஆளுங்களை ஏத்தி இறக்கற கேஜை நிறுத்திட்டுத்தான் மறுபேச்சு. அடிச்சது யாருன்னெல்லாம் கேக்கமாட்டாங்களாம்."

"அப்புறம் நீங்க ஏன் 'ஆ' போட்டீங்க?"

"'அ' போட்டா கேட் பாஸ் வராதே" என்றார், இது கூடத் தெரியாதா என்பது போல.

பாதுகாப்புக் கையேட்டைத் தேடி எடுத்தேன். சிக்னல்மேன் சொல்வதை மட்டுமே கேட்கவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைத்தான் நான் எடுத்துப் போட்டிருந்தேன். அடுத்த பக்கத்தின் முதல் வரியிலேயே, நிறுத்து என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாகவேண்டும் என்று இருந்தது. பக்கத்தைத் திருப்பாமல் விட்டிருக்கிறேன். இத்தனை வருஷமாக ஷாப்பில், அதாவது பட்டறையில், எல்லாரும் வேலையில் சரியானதைச் செய்துகொண்டு, கம்ப்யூட்டருக்குத் தப்பானதைப் போட்டுப் பாஸாகியிருக்கிறார்கள்.

"ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலையே அண்ணா?"

"நான் சொன்னனே மேடம். முதல் வருஷமே சொன்னேன். பாடத்துல இருக்கறத போடுங்கண்ணா, கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு சொன்னீங்க."

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. ஆனால் அவர் சொன்ன மாதிரியில் என் குரல் அப்படியே இருந்தது. சந்தேகப்பட வழியே இல்லை. அவர் எழுந்து போகும்போது, "பழைய ஆளுங்களுக்குத் தெரியும், பரவால்ல. புதுசா வெளியூர்லேந்து வர்ற பசங்க இதை நம்பிக்கினு கிரேன் மேல ஏறினா இன்னா ஆவறது?" என்றார். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் மூன்றாவது வேண்டாம், இரண்டாவது என்றேன். "அன்னைக்கு அவ்வளவு அடிச்சுப் பேசினீங்களே?" என்று மேனேஜர் சிரித்தார். என் தப்பைச் சொன்னேன். தப்பைத் திருத்த முடியாத சாஃப்ட்வேர் எவ்வளவு வேகமாக மாற்றித் தந்தாலும் நமக்கு வேண்டாம் என்றும் சொன்னேன். அதையும் அடித்துத்தான் பேசினேன். அது என் பிறவிக் குணம். அதில் ஒன்றும் தப்பில்லை, பேசுகிற விஷயம் சரியாக இருந்தால்.

கிரேன் பாடத்தின் இருபது கேள்விகளையும் நானே உட்கார்ந்து டைப் செய்தேன். ஒன்பதாவதுக்கு 'அ' சரி என்று வைத்தேன். மனப்பாடமாகப் போட்டுவிட்டுப் போகக்கூடாது என்று, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழுதலாம் என்றும் வைத்தேன். ரிக்கரிடம், மாற்றிவிட்டேன், எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள் என்றேன். திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் பதினேழு பேர் எழுதினார்கள். புதிதாக வந்த ஆறு பையன்களும் பாஸ். பழைய ஆட்கள் பதினோரு பேரும் ஃபெயில். பதினோரு பேரும் ஒன்பதாவதில் 'ஆ' போட்டிருந்தார்கள். அதில் ரிக்கரும் ஒருவர்.

கோபத்தோடு படியிறங்கினேன். கேட் பாஸ் இல்லாமல் பதினோரு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

"மாத்திட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன்ல அண்ணா?"

"சொன்னீங்க மேடம். நானும் எல்லார்கிட்டயும் சொன்னேன். யாரும் நம்பல."

"நீங்க?"

அவர் கீழே பார்த்தார். "கேட் பாஸ் ஆச்சே மேடம். நீங்க மாத்தியிருப்பீங்கன்னு எப்படி நம்பறது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபமே இல்லாமல் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. வாட்ச்மேன் பார்க்க, போகிற வருகிறவர்கள் பார்க்க, கேட்டிலேயே நின்று சொன்னேன்: ஒன்பதாவது கேள்வியில் தப்பு என்னுடையது. நீங்கள் செய்ததுதான் சரி. இப்போதே மறுபடி திறந்துவிடுகிறேன், ஷாப்பில் எதைச் செய்கிறீர்களோ அதையே போடுங்கள்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கிரேன் ஓட்டுநர், கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ பதினாலாவது, மேடம்?"

"சொல்லுங்கண்ணா" என்றேன்.