ஆனேக்கல் சரிவில் ஒரு டயர் செருப்பு

காலை ஐந்தரை மணி, பிரேசர் டவுன். 2007-ல் விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் வாசலில் குந்தி உட்கார்ந்து சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வசந்தா பின்னால் வந்து நின்றாள்.

"சேகருக்கு இன்னும் மூணு வாரத்துல கல்யாணம். அவன் மேல ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள்.

சேகர் அவளுடைய தம்பி. மத்தியானச் சாப்பாடு ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் அப்பா வீட்டில். அதற்குள் மாப்பிள்ளைப் பையனை முழுசாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. நான் தலையாட்டினேன். ஆனேக்கலுக்கு அப்பால் ஒரு கல் சரிவு இருக்கிறது என்றும், அதில் இறங்கத்தான் போகிறோம் என்றும் அவளிடம் சொல்லவில்லை.

சேகர் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் மிதித்து வந்து நின்றான். அவனுடைய மலைச் சைக்கிளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, நடுவில் எலுமிச்சம்பழம், தண்டு முழுக்கச் சந்தனமும் குங்குமமும். முந்தின நாள் ஆயுத பூஜை.

"மாலையைக் கழட்டுடா. கேபிள்ல சிக்கும்."

"அப்பா போட்டது மாமா. சாயங்காலம் வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. பூஜை போட்ட வண்டி, ஒண்ணும் ஆகாது."

அவன் அப்பா, அதாவது என் மாமனார், மாநகராட்சியில் லாரி டிரைவராக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் லாரியை அலங்காரம் செய்வதைப் பார்க்கவே தெருவில் ஆள் நிற்கும். இந்த வருஷம் லாரி இல்லை. சைக்கிள் மாட்டியது.

சைக்கிள் பாகங்களைப் பற்றி எனக்குக் கருத்துகள் உண்டு. கேட்காதவர்களிடமும் சொல்வேன். என் சைக்கிள் இரும்புச் சட்டம். கனம்தான், ஆனால் உடைந்தால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிவிடலாம். அலுமினியத்தை யார் ஒட்டுவார்கள்? பிரேக்கும் பழைய ரப்பர் கட்டைதான். சக்கரத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் பிடிக்கும், தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். சேகர் சைக்கிளில் டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவில் ஓட்டை போட்ட ஒரு பளபளத் தகடு, அதைக் கவ்விப் பிடிக்க இரண்டு சின்னக் கட்டைகள். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஆபீஸ் நண்பனிடம் பதினெட்டாயிரத்துக்கு வாங்கியது. மழையிலும் சேற்றிலும் பிடிக்கும் என்பான். நம் ஊருக்கு அது வெறும் பந்தா என்பது என் கட்சி. மெத்து மெத்தென்ற சீட் உறை கூடாது, பத்தாவது கிலோமீட்டரில் உட்கார முடியாது. பஞ்சு வைத்த டிரௌசர் வேண்டும், வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும். கையுறை இல்லாமல் மலை இறங்குகிறவனுக்கு நான் பஞ்சர்கூட ஒட்டித் தர மாட்டேன்.

ஷூவில்தான் எனக்கு வந்தது கோபம். கெட்டி அடியுள்ள, லேஸ் கட்டுகிற ஷூ போட்டு வா என்று ஒரு வாரமாகச் சொல்லியிருந்தேன். சேகர் காலில் டயர் செருப்பு. லாரி டயரை வெட்டித் தைத்து, குதிகாலுக்கு வார் வைத்தது.

"ஷூவைப் பூஜைக்குத் தொவைச்சு வெச்சுட்டாங்க மாமா. இன்னும் காயல. இது அப்பாவோடது."

"கல்யாணத்துக்கும் இதையே போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆறேகால். ஓசூர் ரோடு. மேம்பாலத்துக்குத் தூண் நட்டு வைத்திருந்த காலம். சாலையின் பாதியைத் தகரம் அடைத்திருந்தது, மீதிப் பாதியில் பூசணிக்காய். ஆயுத பூஜைக்கு மறுநாள் பெங்களூர்த் தெருவில் சைக்கிள் விடுகிறவனுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். ஒவ்வொரு பட்டறை வாசலிலும், ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் உடைத்த பூசணி நசுங்கிக் கிடக்கும். மேலே லாரி ஏறிய பிறகு அது வழவழவென்று ஆகிவிடும். பல் தேய்ந்த டயர் அதில் ஏறினால் நேராகத் தரைதான். பொம்மனஹள்ளி தாண்டியதும் ஒரு ஸ்கூட்டர்க்காரர் எங்கள் கண் முன்னால் விழுந்தார். தூக்கிவிட்டோம். முழங்கை உரிந்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து கல்யாண வீட்டில் கட்டுப்போட்ட கையோடு சேகர் நிற்பது போலவே நினைப்பு ஓடியது.

சேகரின் பிரேக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது அங்கேதான். "டிஸ்க்குன்னாலே கத்தும், அதுதான் லட்சணம்" என்றேன். நான் சொன்னதே நடந்துவிட்டதில் ஒரு திருப்தி வேறு.

எட்டே கால். இருபத்துநாலு கிலோமீட்டரில் சந்தாபுரம் வந்து வலது பக்கம் திரும்பினோம். ஆனேக்கல் அங்கிருந்து பதினொன்று. ஆனேக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரில் டீ மூன்று ரூபாய், இரண்டு இட்லி எட்டு ரூபாய். கடை வாசலில் சேகர் பிரேக்கைப் பிடித்ததோடு காலையும் தரையில் தேய்த்து நிறுத்தினான். வழியெல்லாம் இதையே செய்துகொண்டு வந்தான்.

"செருப்பைத் தேய்க்காதடா. பதினெட்டாயிரம் ரூபா பிரேக் எதுக்கு இருக்கு?"

"சின்ன வயசுப் பழக்கம் மாமா. ஸ்ரீராம்புரத்துல ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரூபா வாடகை சைக்கிள். எதுல பிரேக் இருந்துச்சு?"

டீக்கடைக்காரர் மாலை போட்ட சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். எங்கே போகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். தளி ரோட்டில், குன்றுப் பக்கம் என்றேன். "ஆ கடெ குவாரி இதே சார், ஹுஷாரு" என்றார். அந்தப் பக்கம் குவாரி இருக்கிறது, ஜாக்கிரதை என்று. தெரியும் என்றேன். இரண்டு தடவை நான் தனியாக இறங்கிய சரிவு அது.

ஒன்பதரை. தளி ரோட்டில் நாலு கிலோமீட்டர், பிறகு மண் பாதை, பிறகு தள்ளிக்கொண்டே ஏற்றம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்று சேகருக்குப் பாடம் நடத்தினேன்.

"முதல் பாதி நேர் சரிவு. பாதியில ஒரு ஒத்தை வேப்பமரம் வரும். மரத்துக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைச்சுடணும். மரம் தாண்டினா பாதை வலது பக்கம் வெடுக்குனு திரும்பும். திரும்பலைன்னா நேரா பழைய குவாரி. வேலி கிடையாது. அடியில தண்ணி. புரியுதா?"

"வேப்பமரம். பிரேக். ரைட்டு. ஆச்சு மாமா."

உச்சியில் பாதைக்குக் குறுக்கே மழை அரித்த பள்ளம் ஒன்று, அதைத் தாண்டினால் இறக்கம். முதலில் சேகர் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்றான். அவன் சைக்கிளை நான் இந்தப் பக்கமிருந்து சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன். பிறகு என் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். அவன் எனக்காகக் காத்திருக்கவில்லை. "மெதுவா போறேன் மாமா, வாங்க" என்று குரல் வந்தது.

நான் மேலே ஏறிக் கையுறையை மாட்டப் போனேன். விரல் வழுக்கியது. பார்த்தால் நாலு விரலிலும் சிவப்புக் குழம்பு. டிரௌசரில் துடைத்தேன், போகவில்லை. மோந்து பார்த்தேன். குங்குமம், அதற்கடியில் தேங்காய் எண்ணெய்.

அவன் சைக்கிளை எங்கே பிடித்துத் தூக்கினேன் என்று யோசிக்க ஒரு விநாடி ஆனது. பின் சக்கரத்தின் நடுவில், அந்தத் தகட்டில்.

பிரேக் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் போதும், கட்டைகள் அதைக் குடித்துவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். காலையிலிருந்து கத்தியது அதனால்தான். சமதளத்தில் காலைத் தேய்த்தே வந்ததால் அவனுக்கும் தெரியவில்லை.

"சேகர், நில்லுடா" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவன் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. ஏறி மிதித்தேன். கற்கள் இரண்டு பக்கமும் தெறித்தன. ஹேண்டில்பார் கையில் நிற்கவில்லை. வேப்பமரம் தெரிந்தது. மரத்துக்கு முன்னால் அவனுடைய இரண்டு கையும் பிரேக்கை இறுக்குவது தெரிந்தது. முழங்கை மடங்கித் தோள் தூக்கிக்கொண்டது. சைக்கிள் கீச்சென்று கத்தியது, வேகம் மட்டும் குறையவே இல்லை. மரத்தைத் தாண்டினான். எனக்கு வசந்தாவின் முகம் ஞாபகம் வந்தது. அவளிடம் என்ன சொல்வேன் என்றுதான் நினைத்தேன், வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

அப்போது சேகர் சீட்டிலிருந்து எழுந்தான். இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலைப் பின்னுக்கு இழுத்து, சீட் தண்டுக்கும் பின் டயருக்கும் நடுவில் செருப்பைச் செருகினான். ஸ்ரீராம்புரத்து வாடகை சைக்கிள் பையன்கள் எல்லாரும் நிறுத்துகிற விதம். ரப்பரும் ரப்பரும் உரசுகிற சத்தம் நான் வந்துகொண்டிருந்த இடம்வரை கேட்டது. பின் சக்கரம் ஆடியது, ஒரு பக்கமாக இழுத்தது, தூசி எழுந்து ஆளையே மறைத்தது.

என் பழைய ரப்பர் கட்டைகள் என்னை வேப்பமரத்தடியில் நிறுத்தின. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். தூசி அடங்கியபோது சேகர் நின்றுகொண்டிருந்தான், வளைவு தாண்டிய புல்லில். முன் சக்கரத்துக்கும் குவாரி விளிம்புக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது. கீழே பச்சைத் தண்ணீர். அவன் அதைப் பார்க்காமல் என்னையே பார்த்தான்.

"பிரேக் புடிக்கல மாமா."

அவன் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி உட்காரவைத்தேன். தண்ணீர் குடித்தோம். செருப்பைக் கழற்றிப் பார்த்தான். அடியில் விரல் அளவுக்குக் குழி, ஓரமெல்லாம் கருகி வாடை அடித்தது. நான் போடச் சொன்ன ஷூவாக இருந்திருந்தால் அடி கிழிந்து காலே உள்ளே போயிருக்கும். ஷூவைப் பற்றிய கருத்தை அங்கேயே கைவிட்டேன்.

என் விரல்களை அவன் மூக்குக்குக் கீழே காட்டினேன். அவனுக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

"நேத்து மத்தியானம் பூரா அப்பா இது பக்கத்துலயே உக்காந்திருந்தாரு" என்றான். "ஒவ்வொரு கம்பியா துடைச்சாரு. லாரி இல்லையேன்னு இருந்துச்சு அவருக்கு, அதான். என்னைக் கிட்டயே விடல." செருப்பை மறுபடியும் காலில் மாட்டினான். "அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா. தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு."

பதினோரு மணி. ஆனேக்கல் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தோம். யஷ்வந்தபூர் மார்க்கெட்டுக்குக் காலி கூடைகளோடு போகிற டெம்போ ஒன்று கிடைத்தது. முன்னூறு ரூபாய் கேட்டான், இருநூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டான். அதன் முன்னாலும் வாழைக்கன்று கட்டியிருந்தது. "உங்க சைக்கிளுக்கு ஜோரா பூஜை போட்டிருக்காங்க" என்றான் டிரைவர். சேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒன்றரை. ஸ்ரீராம்புரம். டெம்போவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, சைக்கிளில் வந்த மாதிரி ஏறிக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போனோம். மாமனார் வாசலில் நின்றிருந்தார். வசந்தா தம்பியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள், இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தாள். கீறல் இல்லை. "பரவாயில்லையே" என்று என்னிடம் சொல்லிவிட்டு இலை போடப் போனாள்.

"வண்டி எப்படிப் போச்சு மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டார்.

எந்தச் சைக்கிளைப் பற்றிக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுகிறவன் நான். "நல்லாப் போச்சுங்க" என்று மட்டும் சொன்னேன். சேகர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனான்.

வடை, பாயசம் என்று பலமான சாப்பாடு. கை கழுவ வெளியே வந்தபோது மாமனாரைக் கூடத்தில் காணோம். வாசலில் இருந்தார். சேகரின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளியை வைத்துக்கொண்டு, பின் சக்கரத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டயர் செருப்பு அவர் காலடியில் குப்புறக் கிடந்தது, குழி மேலே தெரிய.

நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொண்டேன். அவர் நிமிரவில்லை.

"இது பிரேக்குங்களா மாப்பிள்ளை?"

"ஆமாங்க."

"அழகுக்கு வெச்ச தட்டுன்னு நெனச்சேன். அதான் இதுக்கு மட்டும் எண்ணெய் ரெண்டு தடவை போட்டேன்."

அவர் துணியைப் பிழிந்தார். தண்ணீர் வாளிக்கு வெளியே விழுந்தது. உள்ளே சேகர் அக்காவோடு சேர்ந்து எதற்கோ சிரிப்பது கேட்டது.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்ககிட்ட சொல்ல வேணாம்னான்."

முன் சக்கரத்துத் தகட்டையும் தேய்த்து முடித்தார். பிறகு சைக்கிளை நிமிர்த்தி, வாடிப்போன மாலையை ஹேண்டில்பாரில் சரியாக எடுத்துப் போட்டார்.

"அப்போ எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும்" என்றார். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரைக் கொட்டத் தெருவோரம் போனார்.